பதிவு யார் கைக்குப் போகும்? கலவரத்தில் உயிர் பிழைத்தவர்களின் சாட்சியம் பற்றி

கேள்வி இதுதான்: முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்ட ஓர் ஊரில் உயிர் பிழைத்தவர்கள் சொல்வதைப் பதிவு செய்யப் போகிறோம். இரண்டு தரப்பிலும் பேச வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது, என்ன கேட்பது, அவர்கள் சொல்வது சரியா என்று சோதிக்கலாமா, எடுத்த பதிவுகளை என்ன செய்வது?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். பெரும்பாலான குழுக்கள் அதைத்தான் கடைசிக்குத் தள்ளிவைக்கிறார்கள். ஐம்பது அறுபது பேரிடம் பேசி முடித்து, ஹார்ட் டிஸ்க் நிரம்பிய பிறகு "சரி, இதை எங்கே வைக்கலாம்" என்று யோசிக்கிறார்கள். அதற்குள் பலரிடம் பல விதமாக வாக்குக் கொடுத்தாகிவிட்டது. இந்தப் பதிவு யார் கையில் இருக்கும், யார் கேட்பார்கள், எத்தனை வருடம் பூட்டி வைக்கப்படும் என்று முடிவு செய்யாமல் ஒருவர் வீட்டு வாசலில் போய் நிற்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. யாரிடம் போவது, எதைக் கேட்பது, எந்தப் பெயரை விடுவது என்ற மற்ற எல்லாம் அந்த ஒரு முடிவிலிருந்துதான் வருகிறது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். 1999 ஜனவரி 19, நோன்புப் பெருநாள் அன்று, அம்போன் நகரின் பத்து மேரா பகுதியில் ஒரு கிறிஸ்தவ வேன் டிரைவருக்கும் ஒரு முஸ்லிம் இளைஞருக்கும் தகராறு. சில மணி நேரத்தில் நகரத்தின் பல மூலைகளில் வீடுகள் எரிந்தன. முந்தைய வருடம்தான் நாட்டை நீண்ட காலம் ஆண்ட சர்வாதிகாரி சுகார்த்தோவின் ஆட்சி விழுந்திருந்தது. அரசு வேலைகள் எந்தச் சமூகத்துக்கு என்ற போட்டி, சுலவேசித் தீவிலிருந்து வந்து குடியேறிய வியாபாரிகள் மேல் இருந்த மனத்தாங்கல், எல்லாம் ஏற்கெனவே அங்கே இருந்தன. 1999 டிசம்பர் 26 அன்று அம்போனின் சீலோ தேவாலயம் எரிந்தது. அதே நாட்களில் வடக்கே ஹல்மஹேரா தீவின் தொபேலோ பகுதியில் நூற்றுக்கணக்கான முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 2000 ஜனவரி 7 அன்று ஜகார்த்தாவில் பெரும் கூட்டம் கூடி ஜிகாதுக்கு அழைப்பு விடுத்தது. மே மாதம் லஸ்கர் ஜிகாத் அமைப்பின் ஆட்கள் ஆயிரக்கணக்கில் ஜாவாவிலிருந்து அம்போனுக்கு வந்து இறங்கினார்கள்.

அந்த ஆட்களைத் திரட்ட உதவியவற்றில் ஒன்று வீடியோ சிடி. எரிந்த பள்ளிவாசல், சடலங்கள், தப்பி வந்தவர்களின் அழுகை. அதில் இருந்தவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பட்டது உண்மை. ஆனால் ஒரு தரப்பின் துயரம் மட்டும் தனியாக வெட்டி எடுக்கப்பட்டு, கடல் தாண்டி, அம்போனைப் பார்த்தே இராத இளைஞர்களின் கையில் போய்ச் சேர்ந்தது. மறுபக்கமும் எரிந்த தேவாலயங்களின் செய்திகள் சபைகளின் வலைப்பின்னல்கள் வழியாகவும் மின்னஞ்சல் வழியாகவும் வெளிநாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரே ஊரில் கிறிஸ்தவர்கள் படிக்க ஒரு நாளிதழ், முஸ்லிம்கள் படிக்க இன்னொரு நாளிதழ் என்று ஆகி, இரண்டும் ஒரே பத்திரிகைக் குழுமத்தைச் சேர்ந்தவையாக இருந்தன. ஒரு தரப்பு நிருபர் மறு தரப்புப் பகுதிக்குள் போகவே முடியாத நிலை. 2001-இல் பத்திரிகையாளர்கள் இரு தரப்பும் சந்திக்க ஒரு பொதுவான ஊடக மையம் அமைத்த பிறகுதான் அது கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

ஆகவே நீங்கள் சேகரிக்கப் போவது வெறும் நினைவுகள் என்று நினைக்காதீர்கள். தவறான கைக்குப் போனால் அது ஆள் திரட்டப் பயன்படும். முதல் சந்திப்புக்கு முன்பே இரு தரப்பிலிருந்தும் ஆட்கள் உள்ள ஒரு சிறிய காப்புக் குழுவை அமையுங்கள். மதத் தலைவர்களாக இருக்க வேண்டும் என்பதில்லை, இருக்காமல் இருப்பதே நல்லது. ஆசிரியர், செவிலியர், ஓய்வு பெற்ற குமாஸ்தா போல ஊரில் இரு பக்கமும் மதிக்கிறவர்கள் போதும். எந்தப் பதிவும் அந்தக் குழுவின் இரு தரப்பும் சம்மதிக்காமல் வெளியே போகாது என்று எழுதி வையுங்கள். பதிவுகளைப் பேராயர் இல்லத்திலோ இஸ்லாமிய அமைப்பின் அலுவலகத்திலோ வைக்கும் யோசனை வந்தால், அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். மறு தரப்பில் ஒருவர்கூட அப்புறம் வாய் திறக்க மாட்டார்.

அடுத்தது ஒப்புதல். ஒரு தாளில் கையெழுத்து வாங்குவதோடு அது முடிவதில்லை. பதிவு செய்யலாமா, முகம் தெரியலாமா, குரல் கேட்கலாமா, பெயர் வரலாமா, ஊர்ப்பெயர் வரலாமா, இப்போதே வெளிவரலாமா, அவர் காலத்துக்குப் பிறகா, ஆய்வாளர்களுக்கு மட்டுமா, எல்லோருக்குமா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பேசுவதற்கு முன்பு ஒரு முறை, பேசி முடித்த பிறகு ஒரு முறை, பேச்சை எழுதி எடுத்த எழுத்துப்படியைக் காட்டும்போது இன்னொரு முறை. பேசுவதற்கு முன்பு "எல்லாம் போடுங்கள்" என்று சொன்னவர், தன் தம்பி எந்தக் கும்பலோடு போனான் என்பதைத் தன்னை அறியாமல் சொல்லி முடித்திருப்பார். அவருடைய முதல் சம்மதம் அந்த வாக்கியத்துக்குச் செல்லாது. எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்று சொல்லுங்கள், சொன்னால் அதற்கு ஒரு வழியும் வைத்திருங்கள். யாரைத் தொடர்புகொள்வது, எத்தனை நாளில் அழிப்பீர்கள், ஏற்கெனவே அச்சில் வந்துவிட்டதை மட்டும் மாற்ற முடியாது என்பதெல்லாம் வெளிப்படையாக இருக்கட்டும்.

முடியாத வாக்கைக் கொடுக்காதீர்கள். இதற்கு எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய உதாரணம் வட அயர்லாந்து. அது கத்தோலிக்கர்-புராட்டஸ்டண்ட் மோதல், வேறு கதை, ஆனால் பாடம் பொதுவானது. அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி 2001 முதல் 2006 வரை இரு தரப்பின் முன்னாள் ஆயுததாரிகளிடம் நீண்ட பேட்டிகள் எடுத்தது. நீங்கள் இறக்கும்வரை இது வெளியே வராது என்று சொல்லித்தான் பேசவைத்தார்கள். 2011-இல் வட அயர்லாந்து போலீசின் ஒரு பழைய கொலை விசாரணைக்காக அமெரிக்க நீதிமன்றத்தின் வழியே அந்த நாடாக்கள் கேட்கப்பட்டன, சிலவற்றை ஒப்படைக்க நேர்ந்தது. 2014-இல் அந்த விசாரணையில் சின் ஃபெயின் கட்சியின் அப்போதைய தலைவர் ஜெர்ரி ஆடம்ஸ் கைது செய்யப்பட்டு, குற்றச்சாட்டு இல்லாமல் விடப்பட்டார். பேசியவர்கள் பலர் தங்கள் பதிவுகளைத் திருப்பிக் கேட்டார்கள். நீதிமன்ற ஆணை வந்தால் எந்தக் காப்பகத்தாலும் எளிதில் மறுக்க முடியாது. எனவே "யாருக்கும் தரமாட்டோம்" என்று சொல்லாதீர்கள். "நாங்களாக யாருக்கும் தரமாட்டோம், நீதிமன்றம் கேட்டால் எங்களால் தடுக்க முடியாமல் போகலாம், அதனால் நீங்கள் செய்த குற்றத்தையோ இன்னொருவர் செய்ததை அவர் பெயரோடோ இங்கே சொல்ல வேண்டாம்" என்று சொல்லுங்கள். சிலர் பேசாமல் போய்விடுவார்கள். பரவாயில்லை.

நீதிமன்றத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. போஸ்னியாவில் 1993-இல் போஸ்னிய முஸ்லிம்களும் கத்தோலிக்கக் குரோவத்தியர்களும் மத்திய பகுதியில் மோதினார்கள். அஹ்மிச்சி கிராமத்தில் ஏப்ரல் 16 அன்று மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டது அப்போதுதான். அந்தப் பகுதியில் பாலியல் வன்முறைக்கு உள்ளான ஒரு முஸ்லிம் பெண், யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரித்த ஹேக் தீர்ப்பாயத்தில், குரோவத்தியத் தரப்புத் தளபதி ஃபுருந்ஜியா என்பவருக்கு எதிரான வழக்கில் சாட்சி சொன்னார். அவர் மனநல ஆலோசனை பெற்றிருந்தார் என்ற விவரம் விசாரணை முடிந்த பிறகு வெளிவந்ததால் வழக்கையே மறுபடி திறந்தார்கள். அதிர்ச்சியால் பாதிக்கப்பட்டவரின் நினைவை நம்ப முடியாது என்பது எதிர்த்தரப்பின் வாதம். 1998 டிசம்பர் தீர்ப்பு அதை ஏற்கவில்லை, அத்தகைய பாதிப்பு உள்ளவரும் முழுக்க நம்பத்தகுந்த சாட்சியாக இருக்க முடியும் என்றது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அதற்காக அந்தப் பெண் மறுபடி சாட்சிக் கூண்டில் நின்று கேள்விகளை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. நீங்கள் எடுக்கும் பதிவும் இப்படி ஒரு நாள் இழுக்கப்படலாம். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசைப் போல, பெரும்பாலும் முஸ்லிம்கள் கொண்ட செலெக்கா, பெரும்பாலும் கிறிஸ்தவர்கள் கொண்ட ஆன்டி-பலாக்கா என்ற இரு ஆயுதக் குழுக்களின் மேலும் சர்வதேச குற்றவியல் நீதிமன்றமும் பாங்கி நகரின் சிறப்பு நீதிமன்றமும் வழக்கு நடத்துகிற இடமாக இருந்தால், அங்கே சாட்சியாகப் போகக்கூடியவரிடம் நீங்கள் விவரமாகப் பதிவு எடுப்பது அவருக்கே தீங்காக முடியும். உங்களிடம் ஒரு தேதி, புலனாய்வாளரிடம் ஒரு தேதி என்று வந்தால் குறுக்கு விசாரணையில் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். முதலில் கேளுங்கள்: "இதை வேறு யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா, வழக்கு ஏதாவது இருக்கிறதா?" இருக்கிறது என்றால் சம்பவத்தைத் தொடாமல் அவருடைய வாழ்க்கையைப் பற்றி மட்டும் பேசலாம், அதுவே மதிப்புள்ள பதிவு.

பாலியல் வன்முறை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2022-இல், பாலியல் வன்முறையிலிருந்து தப்பி நோபல் பரிசு பெற்ற யாசிதிப் பெண் நாதியா முராத்தின் பெயரில் ஒரு நடத்தை விதித்தொகுப்பு வந்தது. உங்கள் குழுவில் எல்லோரும் அதைப் படித்திருக்க வேண்டும். சாரம் எளிது: தேவையில்லாமல் கேட்காதே, ஏற்கெனவே பதிவானதை மறுபடி கேட்காதே, முடிவு அவருடையது. ஆதரவு கொடுக்க மருத்துவரோ ஆலோசகரோ பக்கத்தில் இல்லாத இடத்தில் இதைக் கிளறுவதற்கு உங்களுக்கு உரிமை இல்லை. அவராகவே சொல்ல ஆரம்பித்தால் கேளுங்கள். விவரம் தோண்டாதீர்கள்.

சரி, இப்போது ஆளைச் சந்திக்கப் போகிறீர்கள். அறிமுகம் யார் மூலம் வருகிறது என்பதிலேயே பாதி முடிவாகிவிடும். போதகர் மூலம் போனால் போதகருக்குப் பிடித்ததைச் சொல்கிறவர்கள் கிடைப்பார்கள், இமாம் மூலம் போனாலும் அப்படியே. ஊரில் ஏற்கெனவே பலமுறை பேட்டி கொடுத்துப் பழகிய நாலு பேர் இருப்பார்கள், எல்லாப் பத்திரிகையாளரும் அவர்களிடம்தான் அனுப்பப்படுவார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல, ஆனால் சொல்லிச் சொல்லிக் கெட்டிப்பட்ட கதை. அவர்களைக் கேளுங்கள், அதோடு நிற்காதீர்கள். கலப்புத் திருமணக் குடும்பங்கள், மதம் மாறியவர்கள், அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பாமலே இருந்துவிட்டவர்கள், சந்தையில் இரு தரப்போடும் வியாபாரம் செய்த பெண்கள், இவர்களெல்லாம் யாருடைய பட்டியலிலும் இருக்கமாட்டார்கள். அம்போனில் எல்லாம் உடைந்து கிடந்த நேரத்திலும் முஸ்லிம், புராட்டஸ்டண்ட், கத்தோலிக்கப் பெண்கள் சேர்ந்து அமைதிக்காக ஓர் இயக்கம் நடத்தினார்கள். ஆண்கள் சொல்லும் கலவரக் கதையில் அது ஒரு வரியாகக்கூட வராமல் போகலாம்.

பேட்டி எடுப்பவரின் பெயரே மதத்தைக் காட்டிவிடும். மொழிபெயர்ப்பாளரின் பெயரும் அப்படித்தான். இதை மறைக்க முயற்சி செய்யாதீர்கள், தெரிந்ததும் நம்பிக்கை உடைந்துபோகும். இரு மதத்தைச் சேர்ந்த இருவர் கொண்ட குழுவாகப் போவது சில ஊர்களில் அற்புதமாக வேலை செய்யும், சில ஊர்களில் வாயையே அடைத்துவிடும். முன்கூட்டியே ஒருவரை அனுப்பி, யார் வந்தால் பேச விருப்பம் என்று கேட்டுவிடுவதுதான் ஒரே வழி. பெண்களிடம் பெண்கள் போகட்டும். இடம் பள்ளிவாசலாகவோ தேவாலயமாகவோ வேண்டாம். அவருடைய வீடே சிறந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள், எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்கிற வீடாக இருந்தால், வெளியூரில் ஒரு அறை எவ்வளவோ மேல்.

கேள்விகளைப் பற்றி ஒன்றுதான் வற்புறுத்துவேன். கலவரம் தொடங்கிய நாளிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். தொடக்கம் எது என்பதே இங்கே சண்டைக்குரிய விஷயம். அம்போனில் ஜனவரி 19 என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் யார் முதலில் அடித்தது, அதற்கு முன் எந்தப் பக்கம் தயாராகிக்கொண்டிருந்தது என்பதில் இரு தரப்புக்கும் வேறு வேறு விளக்கம் உண்டு. நீங்கள் ஒரு தேதியைச் சொல்லிக் கேள்வியை ஆரம்பித்தால், ஒரு தரப்பின் கணக்கை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். அவர் பிறந்த தெரு, பக்கத்து வீடு, பள்ளிக்கூடம், கிறிஸ்துமஸுக்கும் பெருநாளுக்கும் யார் யார் வீட்டுக்குப் போனார்கள் என்று கேட்டுக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் அவருடைய குரல் மாறுகிறதோ அங்கேதான் அவருக்குக் கலவரம் தொடங்குகிறது. சிலருக்கு அது வீடு எரிந்த இரவாக இருக்கும். வேறு சிலருக்கு அதற்குப் பல மாதம் முன்பு, பக்கத்து வீட்டுப் பிள்ளை பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்ட நாளாக இருக்கும். மலுக்குவில் பேலா என்று ஒரு வழக்கம் உண்டு. முஸ்லிம் கிராமமும் கிறிஸ்தவக் கிராமமும் உடன்பிறந்தவர்களாக உறுதி எடுத்துக்கொண்டு, ஒன்றுக்கு வீடோ வழிபாட்டிடமோ கட்ட மற்றது உதவுகிற பழைய உறவு அது. அந்த உறவு எங்கே தாக்குப்பிடித்தது, எங்கே உடைந்தது என்பதைக் கேட்டால் வருகிற பதில்கள் "கலவரம் எப்படி நடந்தது" என்ற நேர்க்கேள்விக்கு ஒருநாளும் வராது.

"அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது" என்று கேட்காதீர்கள், டிவி நிருபர் கேட்பதுபோல் இருக்கும். "அப்புறம் என்ன செய்தீர்கள்", "கையில் என்ன எடுத்துக்கொண்டு போனீர்கள்", "பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்" என்று செயலைக் கேளுங்கள். உணர்ச்சி தானாக வரும், வராமல் போனாலும் அது அவர் விருப்பம். மௌனம் வந்தால் அடுத்த கேள்வியால் அடைக்காதீர்கள். நடுங்க ஆரம்பித்தால், ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால், நிகழ்காலத்தில் பேச ஆரம்பித்தால் ரெக்கார்டரை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொடுத்து, இன்றைய விஷயங்களைப் பேசுங்கள். எந்தப் பேட்டியையும் அந்த எரிந்த வீட்டிலேயே முடிக்கக் கூடாது. பேரப்பிள்ளை, வேலை, இப்போது யாரோடு பேசுகிறார் என்று இன்றைக்குக் கொண்டுவந்து விட்டுத்தான் எழ வேண்டும். அடுத்த நாளும் அதற்கடுத்த வாரமும் ஒரு விசாரிப்புப் போக வேண்டும். பேசிய அன்றைவிட அன்றிரவுதான் பலருக்குத் தாங்க முடியாததாக இருக்கும்.

சொல்வது உண்மையா என்று சோதிக்கலாமா? சோதிக்கலாம், சோதிக்கத்தான் வேண்டும், ஆனால் அவர் முன்னால் அல்ல. பேட்டியில் நீங்கள் கேட்கக்கூடிய ஒரே சோதனைக் கேள்வி: "இதை நீங்களே பார்த்தீர்களா, யாராவது சொல்லிக் கேட்டீர்களா?" இதை மரியாதையாக, ஒவ்வொரு முக்கியமான இடத்திலும் கேட்டுப் பழகுங்கள். கலவரத்தில் மக்கள் பார்த்ததும் கேட்டதும் ஒன்றாகக் கலந்துவிடும். "அவர்கள் முன்கூட்டியே வீடுகளில் குறி போட்டுவிட்டார்கள்", "குழந்தைகளைக்கூட விடவில்லை" போன்ற வாக்கியங்கள் இரு தரப்பிலும் கிட்டத்தட்ட ஒரே சொற்களில் வரும். சில இடங்களில் அவை நடந்தவை, சில இடங்களில் வதந்தி. எண்ணிக்கைகளை நம்பாதீர்கள், அதற்காக அவரை நம்பாமல் இருக்காதீர்கள். தேதி தவறலாம், கூட்டத்தின் அளவு தவறலாம், ஆனால் தன் தாயை எந்தப் படகில் ஏற்றினோம் என்பது தவறுவது அபூர்வம். பின்னால் மருத்துவமனைப் பதிவு, அன்றைய நாளிதழ், மறு தரப்புச் சாட்சியம் எல்லாவற்றோடும் ஒப்பிட்டு, வேறுபாட்டைக் குறிப்பாக எழுதி வையுங்கள். நீங்களாகச் சாட்சியத்தைத் திருத்தாதீர்கள், ஒரு சொல்கூட.

இன்னொன்றையும் கவனிப்பீர்கள். "நம் ஊர்க்காரர்கள் இல்லை, வெளியாட்கள்தான் தூண்டிவிட்டார்கள்" என்று இரு தரப்பும் சொல்லும். மலுக்குவில் இது எங்கும் கேட்கும் விளக்கம். அதில் உண்மையும் உண்டு, வெளியிலிருந்து ஆட்கள் வந்தது வரலாறு. ஆனால் எல்லா வீட்டையும் வெளியாட்கள் எரிக்கவில்லை. எந்த வீடு யாருடையது என்று தெரிந்தவன்தான் தேர்ந்தெடுத்து எரிக்க முடியும். இதைச் சொல்லி அவரை மடக்க உங்களுக்கு ஆசை வரும். வேண்டாம். எரித்தவனோடு தினமும் ஒரே சந்தையில் காய் வாங்க வேண்டியிருக்கிறவருக்கு அந்த விளக்கம் வாழ்வதற்கான ஒரு வழி. பதிவில் அது அப்படியே இருக்கட்டும், படிக்கிறவர் புரிந்துகொள்வார்.

காப்பாற்றியவர்களைப் பற்றி நிறையக் கேளுங்கள், ஆனால் மிக எச்சரிக்கையாக. குற்றவாளியின் பெயரை மறைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தோன்றும், காப்பாற்றியவரின் பெயரும் அதே அளவு ஆபத்தானது என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. மறு தரப்புக் குடும்பத்தைத் தன் வீட்டில் ஒளித்துவைத்தவர் தன் சொந்த ஆட்களுக்குத் துரோகி. இருபது வருடம் கழித்தும் அவர் பிள்ளைகளுக்கு அது பிரச்சினையாகலாம். வெளிப்படையாகத் தெரிந்தவர்கள் உண்டு. 2018 ஜூனில் நைஜீரியாவின் பிளாட்டோ மாநிலத்தில் இமாம் அப்துல்லாஹி அபூபக்கர் 262 கிறிஸ்தவர்களைத் தன் வீட்டிலும் பள்ளிவாசலிலும் ஒளித்துக் காப்பாற்றியது உலகத்துக்கே தெரியும். 2013 டிசம்பரில் பாங்கி நகரம் பற்றி எரிந்தபோது பேராயர் ஞாபலைங்கா, இமாம் ஓமர் கோபின் லயாமாவைத் தன் இல்லத்தில் தங்கவைத்தார். இவர்கள் பொது மனிதர்கள். உங்கள் ஊரில் கதவைத் திறந்துவிட்ட ஒரு கிழவிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவரிடமே போய்க் கேளுங்கள், மறுத்தால் பெயரையும் தெருவையும் உறவுமுறையையும் சேர்த்து நீக்குங்கள்.

வன்முறை நடக்காத இடங்களையும் பதிவு செய்யுங்கள். இது என் சொந்தப் பிடிவாதம். அம்போன் தீவிலேயே வயாமே என்ற கிராமத்தில் பத்து முஸ்லிம்கள், பத்து கிறிஸ்தவர்கள் கொண்ட இருபது பேர் குழு அமைத்து, வதந்தி வந்தால் உடனே ஆள் அனுப்பி விசாரித்து, தன் தரப்பில் யார் தவறு செய்தாலும் தன் தரப்பே கேட்கும் என்று விதி வைத்து, கலவரக் காலம் முழுக்க ஊரைக் காத்தார்கள். அங்கே இருந்தவர்களும் உயிர் பிழைத்தவர்கள்தான். அவர்களிடம் யாரும் மைக்கை நீட்டுவதில்லை, ஏனென்றால் சொல்ல இரத்தம் இல்லை.

வன்முறை செய்தவர்களைப் பதிவு செய்வதா? இதில் கருத்து வேறுபாடு நிறைய. மலுக்குவில் இரு தரப்பும் சிறுவர்களைப் பயன்படுத்தின, வீடுகளுக்குத் தீ வைக்கப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் முன்னால் ஓடினார்கள். அவர்கள் இன்று நடுவயதை நெருங்குகிறார்கள். அவர்களை எந்தப் பட்டியலில் வைப்பீர்கள்? நைஜீரியாவின் கடுனாவில் ஒரு காலத்தில் எதிரெதிர் கும்பல்களில் இருந்த போதகர் ஜேம்ஸ் வூயேயும் இமாம் அஷாஃபாவும் பின்னால் சேர்ந்து சமரச வேலை செய்தார்கள். வூயே சண்டையில் ஒரு கையை இழந்தவர், அஷாஃபா உறவினர்களையும் தன் ஆசானையும் இழந்தவர். அவர்கள் பேசியது மற்றவர்கள் பேசுவதைவிட ஆழமாகப் போனது. லெபனானிலும் உள்நாட்டுப் போரில் எதிரெதிர் அணிகளில் போரிட்டவர்கள் பள்ளிகளுக்குப் போய் ஒன்றாகப் பேசுகிறார்கள். எனவே பதிவு செய்யலாம் என்பேன், ஆனால் தனித் தொகுப்பாக, சட்ட ஆலோசனையோடு, பாதிக்கப்பட்டவர்களின் பதிவோடு ஒரே தட்டில் வைக்காமல்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. பலருக்கு ஒலிப்பதிவே போதும், கேமரா வந்தால் ஆள் மாறிவிடுவார். காலர் மைக், சுருக்கப்படாத வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், அவ்வளவுதான். மூன்று பிரதிகள், அதில் ஒன்று வேறு ஊரில். மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யாத டிஸ்க்கை எடுத்துக்கொண்டு சோதனைச்சாவடி தாண்டாதீர்கள். கோப்பின் பெயரில் ஆள் பெயர் வேண்டாம், எண் போதும். எண்ணுக்கும் பெயருக்குமான பட்டியல் தனியாக, வேறு ஒருவர் கையில். போனில் எடுத்தால் இருப்பிடத் தகவலையும் தானாக மேகச் சேமிப்புக்குப் போவதையும் அணைத்துவிடுங்கள். முகத்தை மங்கலாக்கிவிட்டு, பின்னால் வீட்டு ஜன்னல் வழியே கோபுரமோ மினாரோ தெரிகிற வீடியோக்கள் நிறைய வெளிவந்திருக்கின்றன. சிறிய ஊரில் குரலே முகம். எழுத்துப்படியில் அவர் பேசிய பேச்சு வழக்கே இருக்கட்டும், அம்போன் மலாயில் பேசியதை நல்ல இந்தோனேசிய மொழியாக்கினால் ஆளே காணாமல் போய்விடுவார்.

அரசு செய்யும், நாம் ஏன் என்று சிலர் கேட்பார்கள். 2002 பிப்ரவரியில் மலினோ என்ற ஊரில் இரு தரப்பும் கையெழுத்திட்ட அமைதி ஒப்பந்தத்தின்படி மலுக்குவுக்கு ஒரு தேசிய விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை மக்கள் கைக்கு வரவே இல்லை. லெபனானில் 1975 முதல் 1990 வரை நடந்த போருக்கு 1991-இல் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது, பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் அந்தப் போர் இடம்பெறவே இல்லை, காணாமல் போனவர்களுக்கான சட்டம் வரவே 2018 ஆயிற்று. அங்கே போர்க்கால ஆவணங்களைச் சேகரித்த லோக்மான் ஸ்லிம் 2021 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். காப்பகம் வைத்திருப்பவருக்கும் ஆபத்து உண்டு என்பதை உங்கள் குழுவில் எல்லோரிடமும் முன்பே பேசிவிடுங்கள்.

வெளியிடும் நேரமும் முக்கியம். 2011 செப்டம்பரில் அம்போனில் ஒரு மோட்டார் சைக்கிள் டாக்சி ஓட்டுநரின் மரணத்தைத் தொடர்ந்து மறுபடி மோதல் வெடித்தது. வதந்திகள் குறுஞ்செய்தியில் பறந்தன. அப்போது போதகர் ஜாக்கி மனுபுத்தியும் முஸ்லிம் நண்பர்களும் சேர்ந்து, ஒவ்வொரு வதந்தியையும் நேரில் போய்ச் சரிபார்த்து, உண்மை நிலவரத்தைப் படத்தோடு இரு தரப்புக்கும் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அந்த மாதிரி ஒரு வாரத்தில் உங்கள் தளத்தில் ஒரு பழைய சாட்சியம் இருந்தால், அதிலிருந்து முப்பது நொடி வெட்டி "இன்று நடந்தது" என்று பரப்ப ஒரு ஆள் போதும். எனவே தேர்தல், மதப் பண்டிகை, கலவர நினைவு நாள் ஆகியவற்றுக்கு முன் வெளியிடாதீர்கள். ஒரு தரப்புச் சாட்சியத்தைத் தனியாக வெளியிடாதீர்கள். பதற்றம் வந்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தளத்திலிருந்து எடுத்துவிடும் அதிகாரம் காப்புக் குழுவில் இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவருக்கு இருக்கட்டும், யாரிடமும் அனுமதி கேட்காமல் நள்ளிரவிலும் செய்யக்கூடிய மாதிரி.

எத்தனை பேர் வேண்டும் என்றால், முதல் கட்டத்துக்குத் தரப்புக்குப் பத்துப் பேர் தாராளம். அவர்களிடம் எழுத்துப்படியைத் திருப்பிக் கொண்டுபோய்க் காட்டி, திருத்தம் வாங்கி, பூட்டு விதிகளை உறுதி செய்து, அவர்களுக்கு ஒரு பிரதி கொடுத்த பிறகு அடுத்த கட்டத்துக்குப் போங்கள். வீட்டில் வைத்திருப்பதே ஆபத்து என்று பிரதியை வாங்க மறுப்பவர்கள் இருப்பார்கள், அவர்களுக்காகக் காப்பகத்தில் வந்து கேட்கும் வசதியை வையுங்கள். எழுத்துப்படி தயாரிப்பவரையும் மறக்காதீர்கள். ஒரே வாக்கியத்தை ஹெட்போனில் பத்து முறை கேட்பவர் அவர்தான். நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். ஒப்புதல் படிவத்தின் வரைவை முதலில் எழுதி, அந்த ஊரில் எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரிடம் வாசித்துக் காட்டி, அவர் திருப்பிச் சொல்வதைக் கேளுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரியை மாற்றி எழுதிவிட்டு எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.